63-ஆம் நிலத்துக்கு நான் போன பத்தொன்பது முறை

அனுப்புநர்:
டெரில் ஹோவோர்க்கா,
வழியுரிமை முகவர் (சான்றிதழ் பெறாதவர்),
ஆரன் கிரீக், ஹாலக் மாவட்டம்,
நெப்ராஸ்கா.

பெறுநர்:
தலைவர், மேல்முறையீட்டுக் குழு,
சமவெளி வழியுரிமை முகவர் சான்றளிப்பு வாரியம்,
லிங்கன், நெப்ராஸ்கா.

பொருள்: முதுநிலை முகவர் சான்றிதழ் – 63-ஆம் நிலத்துக்குச் சென்ற பத்தொன்பது வருகைகளும் என் அனுபவ மணிகளிலிருந்து நீக்கப்பட்டது – அவற்றை மீண்டும் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் வாரியத்தின் அக்டோபர் 12 தேதியிட்ட நிராகரிப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ ஒருவருடைய நிலத்தைக் கடக்க வேண்டுமானால் நிறுவனங்கள் அந்த நிலத்தை வாங்குவதில்லை. கடந்துபோகும் உரிமையை மட்டும் வாங்குகின்றன. அதற்கான காகிதத்தோடு அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவன் நான். இருபத்தாறு ஆண்டுகளில் நானூற்றுப் பதினொரு நிலங்களுக்கு அப்படிப் போயிருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட நீதிமன்றம் வரை போனதில்லை. ஒருவருடைய நிலத்தையும் கட்டாயமாக எடுக்க வேண்டி வந்ததில்லை. தங்கள் வாரியச் சுவரில் படம் மாட்டப்பட்டிருப்பவர்களில் எத்தனை பேரால் இதைச் சொல்ல முடியும் என்று நான் கேட்கப் போவதில்லை.

2. வரும் ஜனவரி முதல் தேதியிலிருந்து சான்றிதழ் இல்லாதவர்களை எந்த நிறுவனமும் களத்துக்கு அனுப்பாது என்பது தாங்கள் அறிந்ததே. ஆனால் இந்தச் சான்றிதழை நான் விரும்பத் தொடங்கியது அந்த விதி வருவதற்கு வெகு காலம் முன்பு. 2001-இல் ஓமாஹாவில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில், பெயருக்குப் பின்னால் இந்தச் சான்றிதழின் மூன்று எழுத்துகள் அச்சிட்ட ஒருவருடைய முகவரி அட்டையைப் பார்த்தேன். அன்றிலிருந்து வேண்டும் என்றுதான் இருக்கிறது. என் வீட்டு முன்னறையில் சான்றிதழை மாட்டுவதற்காக நான் அடித்த ஆணி ஒன்று ஒன்பது ஆண்டுகளாகச் சும்மா இருக்கிறது. என் முன்னாள் மனைவி வீட்டை விட்டுப் போனபோது சுவரில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். அந்த ஆணியைப் பார்த்து, "இதை நீயே வச்சுக்கோ டெரில், இது உன்னோடது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

3. நன்னடத்தைத் தேர்வில் நான் முதல் முறை ஒரே ஒரு மதிப்பெண்ணில் தோற்றேன். இந்த மனுவுக்கு அது நேரடியாகத் தொடர்பில்லாதது. ஆனாலும் பதிவில் இருக்கட்டும். நில உரிமையாளர் உணவு அளித்தால் முகவர் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. நன்றி சொல்லிச் சாப்பிட வேண்டும் என்று குறித்தேன். பணிவுடன் மறுக்க வேண்டும் என்பதுதான் சரியான விடையாம். இந்தக் கேள்வியைத் தயாரித்தவர் மணற்குன்றுப் பக்கத்துப் பண்ணை வீடு ஒன்றில், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த, ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டத்தை மறுத்துவிட்டு, அதன்பிறகு அதே மேசையில் ஒரு கையெழுத்து வாங்கிக் காட்டட்டும். நான் போய்ப் பார்க்கத் தயார்.

4. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சான்றிதழுக்குத் தேவை, நில உரிமையாளர்களோடு நேரில் பேசிய அறுநூறு மணி நேரம். நான் காட்டியது அறுநூற்று இருபத்திரண்டு. தங்கள் மதிப்பாய்வாளர்கள் 63-ஆம் நிலத்தின் பத்தொன்பது வருகைகளையும், அதாவது நாற்பத்தொரு மணி நேரத்தை, "சொந்தக் காரணங்களுக்கானவை எனத் தோன்றுகிறது" என்று முழுவதுமாக அடித்துவிட்டார்கள். மிச்சம் ஐந்நூற்று எண்பத்தொன்று. நிராகரிக்கப்பட்டவர் இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் விண்ணப்பிக்கலாம். எனக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது.

5. மதிப்பாய்வாளர்களில் ஒருவர் திரு. கிப் லாண்டிஸ். அவர் 63-ஆம் நிலத்தைக் கடந்த மின்தடத்தில் என் குழுத் தலைவராக இருந்தவர், என்னைவிடப் பதினோரு வயது இளையவர். அவருடைய வருகைப் பதிவேடு எப்படி எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலன்டைன் ஊர் விடுதியின் சாப்பாட்டு அறையில், ஒரே பேனாவால், பதினான்கு மாத வருகைகளையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தார். நடுவில் என்னிடம், "போன வருஷம் ஏப்ரல்ல மழை பெஞ்சுதா?" என்று கேட்டார். அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. என் விண்ணப்பம் அவர் மேசைக்குப் போனபின் தொலைபேசியில் அழைத்து, "டெரில், காபி குடிக்கப் போனதுக்கெல்லாம் பட்டம் குடுக்கறதுன்னா உங்க ஊரு காபிக் கடையில பாதிப் பேரு டாக்டர் ஆயிருப்பாங்கப்பா," என்றார். இதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. என் பதிவேட்டை நான் ஒவ்வொரு நாளும் வண்டியில் உட்கார்ந்தே எழுதினேன். உரிமையாளர் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது தங்கள் விதி. அப்படியேதான் எழுதியிருக்கிறேன். 63-ஆம் நிலத்தின் உரிமையாளர் திருமதி நோலா ஷ்ராம். கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தனியாக அறுபது மாடுகளை வைத்துக்கொண்டிருந்தார். முதல் வருகையின் பதிவு இது: "கதவு திறந்தது. 'மின்சாரக் கம்பெனியா? உள்ள வாங்க, நாய் கடிக்காது. கடிக்கிற ஆளு நான்தான்' என்றார். காபி தந்தார். இரண்டாம் முறை ஊற்றவில்லை. எனவே காகிதங்களை வெளியே எடுக்கவில்லை."

7. கடைசி இரண்டு வாக்கியங்களை லிங்கனில் இருப்பவர்கள் புரிந்துகொள்ளாமல் போகலாம் என்பதால் ஒரு குறிப்பு. எங்கள் பக்கத்தில் முதல் முறை ஊற்றுகிற காபி வந்தவனுக்கு. வானிலை, மாட்டு விலை, யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அதோடு முடிய வேண்டும். வீட்டுக்காரர் கேட்காமலே இரண்டாம் முறை ஊற்றினால், வந்த காரணத்தைச் சொல் என்று அர்த்தம். அதற்கு முன் பையைத் திறக்கிறவனை யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். கையெழுத்தும் போட மாட்டார்கள். தங்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை. 63-ஆம் நிலத்தில் மூன்றாம் வருகையில்தான் இரண்டாம் முறை ஊற்றப்பட்டது.

8. அன்றைய பதிவிலிருந்து: "63-ஆம் கம்பம் சமையலறைச் சன்னலுக்கு நேராக வருவதை வரைபடத்தில் காட்டினேன். உரிமையாளர்: 'இருபத்தெட்டு வருஷமா இந்தச் சன்னல் முன்னாடி நின்னு பாத்திரம் கழுவறேன். இது வழியா என்ன தெரியுதுன்னு பாருங்க.' பார்த்தேன். புல், வானம். வேறொன்றும் இல்லை என்றேன். 'அதேதான். எனக்கு அந்த ஒண்ணுமில்லாததுதான் வேணும். அதுக்கு உங்க கம்பெனி என்ன விலை போட்டிருக்கு?' விலைப் பட்டியலில் அப்படி ஓர் இனம் இல்லை என்றேன்."

9. இங்கே திரு. லாண்டிஸ் செய்யச் சொன்னது கட்டாயக் கையகப்படுத்தலுக்கான அறிவிப்பு அனுப்புவது. "ஒரு சன்னலுக்காகத் தடத்தை வளைக்கறதா? நாளைக்கு இன்னொருத்தி கக்கூஸ் சன்னலைக் காட்டுவா," என்றார். நான் பொறியாளர்களிடம் ஆறு முறை போனேன். கம்பத்தைத் தொண்ணூறு அடி கிழக்கே தள்ளினால், குன்றின் தோள் அதை மறைத்துவிடும் என்று நானே அளந்து காட்டினேன். நான் அளந்தபோது திருமதி ஷ்ராம் சன்னலில் நின்றுகொண்டு, "இன்னும் போங்க... இன்னும்... தொப்பி தெரியுது... இப்ப நீங்க இல்ல!" என்று கத்தினார். பிறகு சிரித்தார். நான் அங்கே போகத் தொடங்கியதிலிருந்து அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். அது ஆறாம் வருகை.

10. ஆறாம் வருகையில்தான் தங்கள் மதிப்பாய்வாளர்கள் குறிப்பிட்டுள்ள பிழையும் நடந்தது. மறைக்க ஒன்றுமில்லை. மேய்ச்சல் நிலத்தில் ஒரு கேட்டை எப்படிக் கண்டோமோ அப்படியே விட்டுப் போக வேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாள் கற்பிக்கப்படும் பாடம் அது. அன்று உள்ளே போகும்போது மேற்குக் கேட் திறந்திருந்தது. திரும்பும்போது நான் இறங்கி அதை மூடிச் சங்கிலி போட்டுவிட்டுப் போனேன். இருபத்து நான்கு ஆண்டுகளாகச் செய்யாத தவறு. வண்டியில் நான் என்ன யோசித்துக்கொண்டிருந்தேன் என்று மதிப்பாய்வுக் குறிப்பில் கேட்கப்பட்டுள்ளது. யோசிக்கவில்லை. முந்தைய பத்தியில் சொன்ன அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது.

11. மாடுகள், காற்றாலை இறைத்து நிரப்பும் தொட்டிக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் வழி அந்தக் கேட். ஜூலை மாதம், நூற்று மூன்று டிகிரி. மாலையில் அவர் கண்டுபிடிப்பதற்குள் ஒரு கன்று செத்துவிட்டது. ஏழாம் வருகையின் பதிவு: "உரிமையாளர்: 'மூடியிருக்கிற கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போறவன் முட்டாள். அவனைக்கூட மன்னிச்சுடலாம். திறந்திருக்கிறதை மூடிட்டுப் போறான் பாருங்க, அவன் நல்லது செய்றதா நினைச்சுக்கிட்டே செய்றான், மிஸ்டர் ஹோவோர்க்கா. அவனை என்ன பண்றது?' கன்றைப் புதைக்கக் குழி வெட்டினேன்." திரு. லாண்டிஸ், "கன்னுக்குட்டிக்கு நான் செக் அனுப்பிடறேன். நீ வெயில்னு எழுது, கேட்டுன்னு எழுதாதே," என்றார். நான் கேட் என்றே எழுதினேன். அந்த வரியைத்தான் இப்போது எனக்கு எதிரான சான்றாக வைத்திருக்கிறார்கள். வெயில் என்று எழுதியிருந்தால் என் பதிவேடு சுத்தமாக இருந்திருக்கும்.

12. பன்னிரண்டாம் வருகையில் திருமதி ஷ்ராம் கையெழுத்திட்டார். கம்பம் கிழக்கே தள்ளி நடப்பட்டது. அந்தச் சன்னலில் இன்றும் புல்லும் வானமும்தான் தெரிகின்றன. என் தொழில் வாழ்க்கையில் நான் செய்தவற்றுள் சிறந்த வேலை இது என்று எண்ணுகிறேன். இதைச் சொந்தக் காரணம் என்று அடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

13. கையெழுத்தான பிறகும் ஏழு வருகைகள் ஏன் என்பதுதான் மதிப்பாய்வாளர்களின் முக்கியக் கேள்வி. கையெழுத்து வாங்கியபின் நில உரிமையாளரைத் திரும்பிப் பார்க்காதது இந்தத் தொழிலின் பெரிய கேடு என்றும், வேலி சரியாகக் கட்டப்பட்டதா, புல் திரும்ப முளைத்ததா என்று பார்ப்பதும் முகவரின் கடமை என்றும், அவற்றையும் மணிகளில் சேர்க்க வேண்டும் என்றும் இந்த இடத்தில் ஒரு பக்கத்துக்கு வாதம் எழுதினேன். நல்ல வாதம்தான். அதை இப்போது எடுத்துவிட்டேன். பொருள் வரியில் "பத்தொன்பது" என்று தட்டச்சு செய்ததை மட்டும் மாற்றவில்லை. நான் எதைக் கேட்க உட்கார்ந்தேன் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும்.

14. நடந்தது இது. இந்த மனுவோடு இணைப்பதற்காக அந்த ஏழு பதிவுகளையும் தெளிவான கையெழுத்தில் படியெடுக்க உட்கார்ந்தேன். கடைசி முறை தவிர ஒவ்வொரு முறையும் நான் ஏதோ ஒரு காகிதத்தோடு போயிருக்கிறேன். ஒப்பந்தத்தின் கூடுதல் நகல். அளவை வரைபடத்தின் பெரிய படி. கன்றுக்கான ரசீதின் நகல். அது ஏற்கெனவே தபாலில் போய்விட்டிருந்தது. பதினான்காம் வருகையில், "வேலி பார்க்கப்பட்டது" என்று ஒரு வரி, அதன்பின் இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரத்தில் சில்லி என்னும் காரமான மாட்டிறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிட்டேன். அவர் கழுவிய பாத்திரங்களை நான் துடைத்து வைத்தேன். பதினாறாம் வருகையில் காற்றாலைப் பம்பின் தோல் வளையத்தை மாற்றினேன். வாசல் படியில் ஏறும்போதே அவர், "வாங்க டெரில், இன்னிக்கு எதுல கையெழுத்துப் போடணும்?" என்று கேட்பார். அது கேலி என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பையிலிருந்து ஏதாவது எடுப்பேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படித்துப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவார். தேவையில்லாத ஆறு காகிதங்களில் அவருடைய கையெழுத்து என்னிடம் இருக்கிறது.

15. பத்தொன்பதாம் வருகை 2017 செப்டம்பர் 6. மின்தடம் இயங்கத் தொடங்கி, கோப்புகள் மூடப்பட்டிருந்தன. என்னிடம் கொண்டுபோகக் காகிதம் எதுவும் மிச்சமில்லை. பதிவு முழுவதும் இவ்வளவுதான்: "காலை பத்து மணி. உரிமையாளர் காபி தந்தார். இன்றைக்கு எதில் கையெழுத்து என்று கேட்டார். எதுவும் இல்லை என்றேன். இரண்டாம் முறை காபி ஊற்றினார். உரிமையாளர்: 'அப்ப எதுக்கு வந்தீங்க, டெரில்?' மன்னிப்புக் கேட்டுக்கொண்டு புறப்பட்டேன்." பதிவேட்டில் "நோக்கம்" என்ற கட்டம் காலியாக இருக்கிறது. மதிப்பாய்வாளர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார்.

16. அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. பதினான்கு மாதங்கள். வேலையில்லாமல் வந்து நிற்கிறாயே என்று அவர் கேட்டதாகவே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. போன சனிக்கிழமை அந்தப் பக்கத்தைப் படியெடுத்தபோதுதான், என் கையாலேயே எழுதியிருந்த ஐந்தாம் வாக்கியத்தில், அவர் இரண்டாம் முறை ஊற்றிய இடத்தில், என் பேனா நின்றது. நானூற்றுப் பதினொரு வீட்டு மேசைகளில் அதற்காகக் காத்திருந்திருக்கிறேன். அந்த ஒரு மேசையில் அதை எழுதிவைத்தேன், கவனிக்கவில்லை.

17. மறு பயிற்சிக்கு நான் தகுதியானவன் என்று தங்கள் கடிதத்தில் இருந்த வரி எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. இப்போது அவ்வளவு கோபம் இல்லை.

18. அடுத்த ஆண்டு தொடங்கவிருக்கும் வடக்குத் தடம் திருமதி ஷ்ராமின் நிலத்தின் வடக்கு எல்லையைக் கடக்கிறது. இந்தச் சான்றிதழை நான் இவ்வளவு அவசரமாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சான்றிதழ் கிடைத்தால் அந்தக் கதவைத் தட்ட எனக்கு மீண்டும் ஒரு காரணம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வயது வந்த நாள் முதல் காரணமில்லாமல் நான் யாருடைய கதவையும் தட்டியதில்லை. எப்படித் தட்டுவது என்றும் தெரியாது.

19. எனவே, என் கோரிக்கைகள் பின்வருமாறு:

அ) கையெழுத்துக்கு முன் நடந்த பன்னிரண்டு வருகைகளையும், அவற்றின் பதினேழு மணி நேரத்தையும் மீண்டும் சேர்க்க வேண்டும். அவை நேர்மையான வேலை. அவற்றில் ஒரு நிமிடத்தைக்கூட விட்டுத்தர மாட்டேன்.

ஆ) கையெழுத்துக்குப் பின் நடந்த ஏழு வருகைகளையும் நீக்கியதை உறுதி செய்யவும். அவை வேலை அல்ல. இந்த ஒன்றில் திரு. கிப் லாண்டிஸ் சொன்னது சரி. இந்த வாக்கியத்தை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இ) இப்படிக் கணக்கிட்டால் எனக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு மணி நேரம் வரும். இரண்டு மணி குறைகிறது. தாங்கள் குறிப்பிடும் எந்த நிலத்திலும், தாங்கள் அனுப்பும் எந்த அதிகாரியின் முன்னிலையிலும், டிசம்பர் 31-க்குள் அந்த இரண்டு மணி நேரத்தை முடிக்க அனுமதி வேண்டுகிறேன். இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வைக்க வேண்டாம். அந்த அதிகாரி திரு. லாண்டிஸாக இருக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர் சொன்னது சரி என்று ஒருமுறை ஒப்புக்கொண்டதே போதும்.

ஈ) சான்றிதழ் வழங்கப்பட்டால், வடக்குத் தடத்தில் திருமதி நோலா ஷ்ராமின் நிலத்தை எனக்கு ஒதுக்கக் கூடாது என்பதைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளவும். அந்த நிலத்தைப் பொறுத்தவரை நான் நடுநிலையானவன் அல்ல. அதை வேறொரு முகவருக்குக் கொடுங்கள். அவர் கேட்களைப் பற்றித் தெரிந்தவராக இருக்கட்டும். சன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டியதை நான் எழுதித் தருகிறேன்.

20. கோரிக்கை (ஈ) ஏற்கப்பட்டால், அந்த வீட்டுக்குப் போக எனக்கு இனி எந்தக் காகிதமும் இருக்காது என்பதை அறிந்தேதான் கேட்கிறேன். தங்கள் முடிவு எதுவாக இருந்தாலும் வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன். பையைக் கொண்டுபோகப் போவதில்லை. இது வாரியத்தின் அனுமதிக்காகச் சொல்வது அல்ல. என் வருகைகளை எல்லாம் சொன்னபடி பதிந்தே பழகிவிட்டேன், அதற்காகச் சொல்கிறேன்.

சுவரில் இருக்கும் ஆணிக்கு ஒரு முடிவு சொல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) டெரில் ஹோவோர்க்கா

இடம்: ஆரன் கிரீக்
தேதி: 2018 நவம்பர் 7

இணைப்புகள்:
1. நிராகரிப்புக் கடிதத்தின் நகல்.
2. முதல் வருகை முதல் பன்னிரண்டாம் வருகை வரையிலான பதிவுகளின் நகல்.
3. 63-ஆம் கம்பம் இடம் மாற்றப்பட்டதற்கான பொறியாளர் ஒப்புதல்.
4. பத்தொன்பதாம் வருகையின் பக்கம். இது நகல் அல்ல, மூலம். "நோக்கம்" என்ற கட்டத்தை நேற்று நிரப்பிவிட்டேன். பார்த்த பின் தயவுசெய்து திருப்பி அனுப்பவும்.